இரண்டு தொப்பிக் கோடை

என் வயதுக்காரர்களான உங்களுக்கு இதை எழுத வேண்டும் என்று தோன்றியது போன மாதம், மார்க்கம் நகரில் ஒரு பிறந்தநாள் விழா மண்டபத்தில். உங்களில் சிலர் அன்று அந்த மேசையில் இருந்தீர்கள். நகரத்து அணி கடைசி ஆட்டம் வரை போய்த் தோற்ற நாளிலிருந்து நமது ஆட்கள் எங்கே கூடினாலும் பேச்சு பேஸ்போலில்தான் வந்து நிற்கிறது. அன்றும் அப்படித்தான். ரோல்ஸ் தட்டு ஒரு சுற்று வந்து போயிருந்தது. எங்களில் ஒருவர், தலைமுடியெல்லாம் போய்விட்ட ஒருவர், கரண்டியை மேசையில் தட்டிச் சொன்னார்.

"இப்பத்தைய பிட்சர்மாரெல்லாம் பால்குடியள் மச்சான். தொண்ணூறு பந்து எறிஞ்சவுடனை கோச் வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போறான். அந்தக் காலத்து ஆக்கள் ஒரு சீசனிலை நாப்பது மேட்ச் முழுசா எறிஞ்சு முடிச்சவங்கள்."

"அந்தக் காலத்திலை உன்ரை தலையிலை மயிரும் இருந்தது" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு வழக்கமான கேள்வி: எந்தக் காலத்து ஆள் பெரிய ஆள்? நான் என் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டேன். கோபித்துக்கொண்டு போனதாகச் சிலர் நினைத்திருக்கிறீர்கள். கோபமில்லை. நாற்பது என்ற அந்த எண்ணை எனக்குத் தெரியும். அது பொய்யும் அல்ல. ஒரு கோடை முழுவதும் அது எங்கள் வீட்டில் விருந்தாளியைப் போலத் தங்கியிருந்தது. போகும்போது வெறுங்கையோடு போகவில்லை.

எனக்கு எதையும் தேதியோடு எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. ஆனால் இதில் வருடத்தை எழுதப் போவதில்லை. நகரத்து அணி முதல் தடவை கோப்பையை வென்றதற்கு முந்திய கோடை என்று சொன்னால் உங்களுக்குப் போதும். எனக்குப் பன்னிரண்டு வயது. அண்ணாவுக்குப் பதினாலு. ஸ்காபரோவில் பதினோராவது மாடியில் இரண்டு அறை வீடு. ஊரை விட்டு வந்து நாலு வருடம் ஆகியிருந்தது.

அப்பா ஊரில் கணித ஆசிரியராக இருந்தவர். இங்கே ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில், தயிர் டப்பாக்களுக்கு மூடி அடிக்கும் இயந்திரத்தின் முன்னால் நின்றார். விடிகாலையில் போய் மூன்று மணிக்கு வந்துவிடுவார். ஆங்கிலம் நன்றாக வாசிப்பார், இலக்கணம் பிழைக்காமல் எழுதுவார். ஆனால் இந்த ஊர்க்காரர் பேசும் ஆங்கிலம் தனக்குப் பிடிபடாது என்பார். அதனால் வைத்தியரிடம் போனாலும், பள்ளிக்கூடத்துக்குப் போனாலும், என்னைக் கூட்டிக்கொண்டு போவார். அவர்கள் சொல்வதை நான் தமிழில் சொல்ல வேண்டும். அப்பா சொல்வதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். நம்மில் பலர் அந்த வேலையைப் பார்த்தவர்கள்தான். சம்பளமில்லாத, லீவில்லாத உத்தியோகம்.

அண்ணாவுக்கு எறியும் கை இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் பள்ளிக்கூட உடற்பயிற்சி ஆசிரியர். மைதானத்தின் கம்பி வேலியடியில் நின்றுகொண்டு அண்ணா எறிந்த பந்து நிலத்தில் படாமல் அவர் கைக்கு வந்ததாம். அந்தப் பருவத்துக்கு எங்கள் பகுதி லீக்கில் சேர்த்துவிட்டார்கள். அப்பா முதலில் முகத்தைச் சுளித்தார். "உது கிரிக்கெட் தெரியாதவங்கள் விளையாடுற விளையாட்டு" என்றார். ஒரு மாதத்தில் அவர் மனதை மாற்றியது அண்ணாவின் கை அல்ல. பேஸ்போல்காரர்கள் நூறு வருடத்துக்கு மேலாக எல்லாவற்றையும் எண்ணி எழுதி வைத்திருக்கிறார்கள் என்ற செய்திதான்.

நூலகத்தில் ஒரு பெரிய புத்தகம் இருந்தது. இரண்டு கையாலும் தூக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால் சனிக்கிழமை காலைகளில் அப்பாவும் நானும் அங்கே போய், அதிலிருந்து எண்களைப் பார்த்து எழுதுவோம். அந்தப் புத்தகத்தின் தாள் வெங்காயத் தோல் போல மெல்லியது. திருப்பும்போது ஒரு சத்தம் வரும். அப்பா விரலை நாக்கில் வைக்காமல், மேசையில் இருந்த ஈரப் பஞ்சில் தொட்டுத் திருப்புவார். வீட்டுக்கு வந்ததும் சதுரக் கோட்டுத் தாள்கள் நாலை ஒட்டுநாடாவால் இணைத்துச் சாப்பாட்டு மேசைக்கு மேலே சுவரில் ஒட்டினார். இடது பக்கத்தில் குதிரைவண்டிக் காலத்துப் பிட்சர்கள். அடுத்து உலக யுத்தங்களுக்கு முந்தியவர்கள். அடுத்து பிந்தியவர்கள். வலது ஓரத்தில் அன்றைக்கு விளையாடிக்கொண்டிருந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் நேரே, ஒரு பருவத்தில் அவர் வேறு யாரிடமும் பந்தைக் கொடுக்காமல் முழுசாக எறிந்து முடித்த ஆட்டங்களின் எண்ணிக்கை.

அந்தக் கோடு இடது மேல் மூலையில் ஆரம்பித்து வலது கீழ் மூலையில் வந்து விழுந்தது.

"பாத்தியோ" என்றார் அப்பா. "பத்து வருசப் பாஸ்ட் பேப்பரைப் பாத்தா சோதினையிலை என்ன வருமெண்டு தெரியும். இது நூறு வருசப் பாஸ்ட் பேப்பர். வரவரக் குறைஞ்சுகொண்டு போகுது. ஏன்?"

"இப்ப ஆக்கள் ஸ்பீடா எறியினம் அப்பா" என்றான் அண்ணா. அவனுக்கு வலது ஓரத்தில் இருந்த ஒருவரைத்தான் பிடிக்கும்.

"அந்தக் காலத்திலை ஸ்பீடில்லையெண்டு ஆர் சொன்னது? அளக்கேல்லை. அளக்காததை இல்லையெண்டு சொல்லாதை."

"அப்ப அளக்காததை இருந்ததெண்டும் சொல்லேலாதே."

அப்பா சிரித்தார். "வாய் நல்லாத்தான் எறியுது. கையைப் பாப்பம்."

அவருடைய முடிவு எளிதானது. கை என்பது பழக்கம். பழக்கம் குறைந்ததால் கை சுருங்கிப் போயிற்று. பழையபடி பழக்கினால் பழையபடி வரும். ஊரில் காலையிலிருந்து பின்னேரம் வரை பந்து வீசிவிட்டு, சைக்கிளில் வீட்டுக்குப் போன ஆட்களைத் தன் கண்ணால் பார்த்திருப்பதாகச் சொன்னார். அட்டவணையில் நாற்பதுக்கும் மேலே, உச்சியில் இருந்த ஆளுக்குப் புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. பெரிய மீசை. நானும் அண்ணாவும் அவருக்கு மீசை என்றே பெயர் வைத்தோம். அண்ணா ஒரு ஆட்டத்தில் களைத்துப் போனால் அப்பா சுவரைத்தான் காட்டுவார். மீசை களைக்கவில்லை.

லீக்கில் எங்களுக்கு ஒரு தாள் தந்திருந்தார்கள். இந்த வயதுப் பிள்ளை ஒரு வாரத்தில் இத்தனை இன்னிங்ஸ்தான் எறியலாம், எறிந்தால் இத்தனை நாள் ஓய்வு என்று அதில் இருந்தது. அப்பா அதை இரண்டு தரம் வாசித்தார். கணிதக்காரர் வாசிக்கிற மாதிரி வாசித்தார்.

"இது இந்த லீக்குக்குத்தான். வேறை லீக்கிலை எறியக்கூடாதெண்டு எங்கை எழுதிக் கிடக்கு?"

எழுதியிருக்கவில்லை. அந்த நாட்களில் மாமா மார்க்கத்தில் புது வீடு வாங்கிக் குடிபோயிருந்தார். மாமாவின் விலாசத்தில் அண்ணாவை அந்தப் பக்கத்து லீக்கிலும் பதிந்தார்கள். ஸ்காபரோ செவ்வாயும் சனியும். மார்க்கம் வியாழனும் ஞாயிறும். மாமாவுக்கு மட்டும் கொஞ்சம் தயக்கம்.

"அத்தான், இது சரிவருமோ?"

"நீ பிசிக்ஸுக்கு எத்தினை வாத்தியிட்டை ரியூசன் போனனி?"

"மூண்டு பேரிட்டை."

"ஒருத்தருக்கு மற்றவரைத் தெரியுமோ?"

"தெரிஞ்சா அடிச்சுத் துரத்தியிருப்பினம்" என்று மாமா சிரித்தார். அத்தோடு அது முடிவாயிற்று. ஊரில் ஒரு வாத்தியார் காணாது என்று இரண்டு, மூன்று பேரிடம் பிள்ளையை அனுப்பாத வீடு எது? கெட்டிக்காரப் பிள்ளைக்குச் செய்கிற காரியம் அது. யாரும் அதைப் பிழை என்று நினைத்ததில்லை. அப்பாவும் நினைக்கவில்லை.

ஸ்காபரோ அணிக்கு நீலத் தொப்பி. மார்க்கம் அணிக்குச் சிவப்பு. மாமாவின் வானின் பின் இருக்கையில் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கிடக்கும். அண்ணா சந்தோசமாக இருந்தான் என்பதையும் இங்கே எழுத வேண்டும். ஒருத்தரும் அவனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. பந்தைக் கையில் எடுத்து, அதன் தையலை விரலால் தடவிக்கொண்டு அவன் நிற்கும்போது, எங்கள் கட்டடத்தில், எங்கள் பள்ளிக்கூடத்தில் யாரும் காணாத ஒருவனாக இருந்தான். பந்துக்கு ஒரு வாசனை உண்டு. தோலும் புல்லும் சேர்ந்த வாசனை. அவன் கை எப்போதும் அப்படி மணக்கும். அம்மாவுக்குப் பிடிக்காது.

எண்ணுவது என் வேலை. அப்பா எனக்கு ஒரு பச்சை மட்டைக் கொப்பியும் தன்னுடைய இரு நிறப் பேனாவும் தந்தார். ஒரு எறிக்கு ஒரு கோடு. ஐந்தாவது கோடு குறுக்கே. நீலத் தொப்பி ஆட்டத்துக்கு நீல மை, சிவப்புத் தொப்பிக்குச் சிவப்பு. மற்ற நாட்களில் அண்ணா கட்டடத்தின் பின்பக்கம், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்திலுள்ள சுவரில் எறிந்து பழகுவான். அதற்குப் பென்சில். நான் ஒரு கவிழ்த்த பால் பெட்டியில் இருந்து எண்ணுவேன். பந்து சுவரில் மோதும் சத்தம் பதினோராவது மாடி வரை கேட்கும். அம்மா சமையலறையில் நின்றுகொண்டு, சத்தம் வருகிறதால் பிள்ளை கீழே இருக்கிறான் என்று நிம்மதியாக இருப்பார்.

மூன்று நிறத்தையும் சேர்த்துக் கூட்டச் சொல்லி யாரும் என்னிடம் கேட்கவில்லை. ஒரு நாள் பக்கத்தின் அடியில் இடம் இருந்தது, கூட்டினேன். பிறகு ஒவ்வொரு வாரமும் கூட்டினேன். லீக் தந்த தாளை மடித்து அதே கொப்பிக்குள்தான் வைத்திருந்தேன். அதில் இருந்த அளவையும் என் கூட்டுத்தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தெரியும். ஒரு இன்னிங்ஸுக்குப் பதினைந்து எறி என்று வைத்துப் பெருக்கினால் போதும், ஆறாம் வகுப்புக் கணக்கு. அந்தத் தாள் அனுமதித்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போய்க்கொண்டிருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பின்னேரத்தில் அப்பா குளித்துவிட்டு வந்து, "கொப்பியைக் கொண்டா பிள்ளை" என்பார். நான் பக்கத்தில் நிற்பேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துவிட்டு, தொலைபேசியில் மாமாவிடம், "இவள்தான் என்ரை ரெக்கோட் ஒப்பீஸ்" என்பார். அந்த வீட்டில் என்னை அவ்வளவு நேரம் யாரும் பார்த்ததில்லை. அதுதான் காரணம். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஜூலையில் அண்ணா கரண்டியால் சாப்பிடத் தொடங்கினான். இடது கையில் கரண்டி. அம்மா அலுவலகங்கள் துப்பரவு செய்யும் வேலையிலிருந்து வந்து, நின்றபடியே அதைப் பார்த்தார்.

"என்ன, துரை ஆயிட்டீரோ? சோத்தைக் கையாலை திண்டா என்ன குறையுது?"

"பள்ளிக்கூடத்திலை எல்லாரும் இப்பிடித்தான் சாப்பிடுறவை."

"நாலு வருசத்துக்குள்ளை வெள்ளைக்காரனாப் போட்டான்" என்றார் அம்மா அப்பாவிடம். இரண்டு பேருமே சிரித்தார்கள். பிள்ளை இந்த ஊர்ப் பழக்கத்துக்கு மாறுகிறான் என்ற கவலைதான் அவர்களுக்கு. நான் அவன் எதிரில் இருந்தேன். அவனுடைய வலது கை மேசைக்குக் கீழே, தொடையில், உள்ளங்கை மேலே பார்த்தபடி கிடந்தது. முந்திய நாள் அவன் ஒரு பிடி சோற்றை வாய்க்குக் கொண்டுபோகப் பார்த்து, கை முழுக்க மடியாமல், தலையைக் குனிந்து சோற்றை எட்டியதை நான் கண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. புத்தகப் பை இடது தோளுக்கு மாறியது. தலையை இடது கையால் சீவினான், வகிடு கோணலாக வந்தது. ஐஸ் கட்டித் தட்டு எப்போதும் காலியாக இருந்தது. "ஆர் இந்த ஐஸைக் கடிச்சுத் திண்ணிறது?" என்று அம்மா என்னைத்தான் பேசினார். சுவரில் பந்து மோதும் சத்தத்துக்கு இடையில் இருந்த நேரம் நீண்டுகொண்டு போனது. நான் அதையும் கவனித்தேன். அதை எழுதுவதற்குத்தான் கொப்பியில் இடம் வகுக்கவில்லை.

ஒரு நாள் லிஃப்டில் நானும் அவனும் மட்டும். முழங்கையால் மாடிப் பொத்தானை அமத்தினான், இடது முழங்கையால்.

"எடி, நான் கனக்க எறியிறனோ?"

"ஏன், நோகுதோ?"

"இல்லை. சும்மா கேட்டனான்."

"அப்பாவைக் கேள்."

"அப்பாவைக் கேட்டா மீசையைக் காட்டுவார்."

இரண்டு பேரும் சிரித்தோம். கொப்பி என் கையில்தான் இருந்தது. அவன் திறந்து பார்க்கவில்லை. நானும் திறந்து காட்டவில்லை. ஏழு, எட்டு, ஒன்பது என்று எண்கள் எரிந்து அணைந்தன. பதினொன்றில் கதவு திறந்தது.

நீலத் தொப்பி அணியின் கோச் பாண் வான் ஓட்டுபவர், கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோகும் வேலை. வேலை உடுப்போடே வருவார். அவர் பக்கத்தில் போனால் பாண் மணக்கும். ஆட்டம் முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு பையில் பனிஸ் இருக்கும். ஜூலைக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆட்டத்துக்கு முன்பு, அவர் கம்பி வேலியடிக்கு வந்து அப்பாவிடம் பேச வேண்டும் என்றார். நான் வழக்கம்போல இரண்டு பேருக்கும் நடுவில் நின்றேன்.

சுவரில் இருந்த அட்டவணையைப் பற்றி அண்ணா அவரிடம் சொல்லியிருக்கிறான். அந்தக் காலத்து எண்கள் உண்மைதான், ஆனால் அந்த ஆட்கள் எல்லாப் பந்தையும் முழுப் பலத்தோடு எறியவில்லை என்றார் அவர். பலவீனமான ஆள் அடிக்க வந்தால் மெதுவாக எறிந்து கையைச் சேமிப்பார்கள். ஒரு ஆட்டத்தில் ஏழெட்டுத் தடவைதான் உண்மையாக எறிவார்கள். பந்தும் அழுக்கேறி நைந்துபோன பந்து, யாரும் தூர அடிக்க மாட்டார்கள். உங்கள் மகன் ஒவ்வொரு பந்தையும் கடைசிப் பந்து போல எறிகிறான். இரண்டையும் ஒரே தாளில் எழுதக்கூடாது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை.

"கேள்" என்றார் அப்பா. "அப்பிடியெண்டா அது ஏன் புத்தகத்திலை இல்லை?"

கேட்டேன். கோச் கொஞ்சம் யோசித்தார். அது எண்களின் புத்தகம், யார் எவ்வளவு பலத்தோடு எறிந்தார் என்று எழுத அதில் நிரல் இல்லையே என்றார். அதையும் சொன்னேன். அப்பா தலையை ஆட்டினார். அது சம்மதம் அல்ல, மாணவன் வழியில்லாமல் விடை எழுதினால் ஆட்டுகிற தலை.

அப்போது கோச் குனிந்து நேரே என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். உன் அண்ணா வேறு எங்காவது எறிகிறானா? அவன் தோள் தாழ்ந்து வருகிறது, எனக்கு அது பிடிக்கவில்லை.

இந்தக் கேள்வியை நான் மொழிபெயர்க்கவில்லை. "இல்லை" என்று நானே சொன்னேன். அவர் இன்னும் ஒரு வினாடி என்னைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, அப்பாவுக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்.

"என்னவாம்?" என்று கேட்டார் அப்பா, மைதானத்தைப் பார்த்துக்கொண்டு.

"அண்ணா நல்லா எறியிறானாம். கொஞ்சம் ஓய்வு குடுக்கட்டாம்."

"ம்" என்றார்.

பிற்காலத்தில் நான் இந்த விளையாட்டைப் பற்றிக் கிடைத்ததெல்லாம் வாசித்திருக்கிறேன். 1884 வரை பெரிய லீக்கில் தோளுக்கு மேல் கையைத் தூக்கி எறியவே அனுமதி இருக்கவில்லை. 1893இல்தான் எறியும் இடத்தைப் பின்னுக்குத் தள்ளி இன்றைக்கு உள்ள தூரத்தில் வைத்தார்கள். அழுக்குப் பந்தை உடனே மாற்றும் வழக்கம் 1920இல் வந்தது. அப்பாவின் அட்டவணையில் ஒரே கோட்டில் இருந்தவர்கள் ஒரே விளையாட்டை விளையாடியவர்கள் அல்ல. பாண் வான் ஓட்டியவர் சொன்னது சரி.

ஆனால் அவரும் சொல்லாத ஒன்று உண்டு. அதை நான் நாற்பது வயதுக்குப் பிறகுதான் கண்டேன். அந்த மாதிரிப் பெரிய புத்தகம் ஒன்றை எடுத்து, பெரிய பெயர்களை விட்டுவிட்டு மற்றப் பக்கங்களைப் புரட்டினேன். பெயருக்குக் கீழே ஒரே ஒரு வரி உள்ளவர்கள். இருபது வயதில் ஒரு கோடை, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. இரண்டு வரி உள்ளவர்கள். பக்கம் பக்கமாக இருக்கிறார்கள். எல்லோருக்கும் கைதான் போயிற்று என்று சொல்லமாட்டேன், சிலருக்குத் திறமை காணாமல் இருந்திருக்கலாம். கை போனவர்களும் அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறார்கள். மீசையைப் போல எறிந்து பார்த்து, மீசையைப் போல நிலைக்காதவர்கள். சனிக்கிழமைகளில் அப்பா ஈரப் பஞ்சில் விரலைத் தொட்டு வேகமாகத் திருப்பிப் போனது அவர்களைத்தான். பக்கத்தில் இருந்து நான்தான் அடுத்த பெயரை வாசித்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டில் இரண்டு லீக்கின் கடைசிச் சுற்றும் ஒரே வாரக் கடைசியில் வந்தன. சனி நீலம், ஞாயிறு சிவப்பு.

சனிக்கிழமை ஐந்தாவது இன்னிங்ஸில் பாண் வான் கோச் மைதானத்துக்குள் போய் அண்ணாவின் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டார். அண்ணா மறுக்கவில்லை. தோளில் கையைப் போட்டு வெளியே கூட்டிவந்து, ஈரத் துவாய் ஒன்றைக் கொடுத்தார். வானை விட்டு இறங்கும்போது அப்பா, "முடிக்க விட்டிருந்தா முடிச்சிருப்பான்" என்றார். மாமா கண்ணாடியில் அண்ணாவைப் பார்த்தார். அன்று அண்ணா சாப்பிடவில்லை. பசியில்லை என்றான்.

ஞாயிறு நல்ல வெயில். அம்மா முதல் தடவையாக ஆட்டம் பார்க்க வந்தார். மடிப்புக் கதிரையில் குடையோடு இருந்துகொண்டு, "இதிலை எங்கடை பக்கம் ஆர்?" என்று என்னிடம் கேட்டார். சிவப்புத் தொப்பி என்றேன். "நேற்று நீலமெண்டனி." நான் கொப்பியைத் திறந்தேன். மாமா புல்லைப் பார்த்தார்.

சிவப்பு அணியின் கோச்சுக்குச் சனிக்கிழமை என்று ஒன்று இருந்ததே தெரியாது. வியாழனுக்குப் பிறகு ஓய்வெடுத்த பிள்ளை என்று நினைத்துத்தான் அண்ணாவை எறியும் மேட்டில் நிறுத்தினார். அண்ணா எறிந்தான். முதல் நாலு இன்னிங்ஸும் நன்றாகவே போனது. நான் இதை நேர்மையாக எழுதுகிறேன், அந்த நாலு இன்னிங்ஸில் அவனை யாராலும் அடிக்க முடியவில்லை. அப்பா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஏதோ வேண்டுகிறார் என்று நினைத்தேன்.

ஐந்தாவதில் ஒரு பந்து பிடிப்பவனின் தலைக்கு மேலால் போய் வேலியில் மோதியது. அடுத்தது நிலத்தில் குத்தியது. கோச் கையைத் தட்டி ஏதோ சொன்னார். அண்ணா தலையை ஆட்டிவிட்டு, கையை ஒருமுறை உதறினான். பிறகு எறிந்தான்.

சத்தம் எனக்குக் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. சமையலுக்குப் பயற்றங்காய் முறிப்பது போல ஒரு சத்தம். பந்து பாதி வழியில் விழுந்து உருண்டது. அண்ணா கத்தவில்லை. குனிந்து, விழுந்து கிடந்த தொப்பியை இடது கையால் எடுத்தான். வலது கை அவனுடையது அல்லாதது போலத் தொங்கியது. எல்லோருக்கும் முதல் எழும்பி ஓடியவர் அம்மா. குடை கதிரையில் கிடந்து உருண்டது. நான் அந்த எறிக்கும் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டேன். அதைப் போட்டுவிட்டுத்தான் எழும்பினேன்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து முடிய மூன்றரை மணி நேரம் ஆனது. வைத்தியர் ஒரு இளம் பெண். படத்தை வெளிச்சத்தில் வைத்து, முழங்கையின் உட்பக்கத்தில் எலும்பின் ஒரு துண்டு தசையோடு இழுபட்டுக் கழன்று வந்திருப்பதைக் காட்டினார். வளர்கிற எலும்பு, அதனால் இப்படிப் பெயரும் என்றார். அறுவை செய்ய வேண்டும். இனிமேல் எறிவதைப் பற்றி யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அண்ணாவின் முழங்கை இன்றைக்கும் முழுதாக நீளாது. மிசிசாகா நெடுஞ்சாலையில் அவன் வாகனம் ஓட்டும்போது பக்கத்தில் இருந்தால் தெரியும்.

வைத்தியர் அண்ணாவிடம் கேட்டார், இந்த வாரம் எத்தனை தடவை எறிந்தாய்? அண்ணா கட்டிலில் படுத்திருந்தான். எழுபதாக இருக்கும் என்றான். பிறகு, தெரியாது என்றான். வைத்தியர் அப்பாவைப் பார்த்தார். பிறகு, நான்தான் மொழிபெயர்ப்பவள் என்று கண்டு, என்னைப் பார்த்தார்.

நான் வாயைத் திறக்குமுன் அப்பா பேசினார். ஆங்கிலத்தில். கரும்பலகையில் இருந்து வாசிப்பவர் போல, தெளிவாக, ஒரு எண்ணைச் சொன்னார். என் கொப்பியில் அந்த வாரத்துப் பக்கத்தின் அடியில் வரவேண்டிய எண். அன்று பின்னேரம் நான் போட்ட கோடுகளும், கடைசிக் கோடும் உட்பட. வேலியடியில் அசைந்த உதடு எண்ணிக்கொண்டிருந்த உதடு.

"இரண்டு அணி" என்றும் சொன்னார், அதே ஆங்கிலத்தில். "சுவரும் இருக்கிறது."

அம்மா எங்கள் ஒவ்வொருவருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். இந்த ஊர்க்காரர் பேசுவது அவருக்கு விளங்கும். அந்தச் செவ்வாய்க்கிழமை கோச் என்னிடம் கேட்டதும், நான் சொன்ன பதிலும் அவருக்கு விளங்கியிருந்தன. "என்னவாம்?" என்று என்னிடம் கேட்டிருந்தார். நான் சொன்ன பொய்யை வாங்கிக்கொண்டு "ம்" என்றிருந்தார்.

இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும் என்று வைத்தியர் கேட்டார். அப்பா என் மடியைக் காட்டினார். வைத்தியர் கொப்பியை வாங்கிக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கித் திருப்பினார். நீலம், சிவப்பு, பென்சில். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டுத்தொகை. அவர் திருப்பிக்கொண்டே போனார்.

யார் எண்ணியது என்று கேட்டார்.

"என் மகள்" என்றார் அப்பா.

வைத்தியர் கொப்பியை மூடி, இரண்டு கையாலும் என்னிடம் தந்தார். தாதி வந்து அவரைக் கூப்பிட, வெளியே போனார். அப்பா ஜன்னலடிக்குப் போய் நின்றார். அம்மா அவர் பின்னால் போய், "என்ன சொன்னவ? என்னெண்டு சொல்லுங்கோவன்" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. கண் சிவந்திருந்தது, மருந்தாக இருக்கலாம்.

"நீ எல்லாத்தையும் கூட்டியும் பாத்தனியோ?"

"ஓம்."

"எப்ப இருந்து?"

"ஜூன் மாசம் முதலாவது ஞாயிற்றுக்கிழமையிலை இருந்து" என்றேன்.

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அந்தக் கோடையைப் பற்றி அதற்குப் பிறகு அவன் என்னிடம் எதையும் கேட்டதில்லை.